ஜாம் ஆன ஆயில் இன்ஜினா? எடைக்குப் போடும் முன் பதினைந்து நாள் பொறுங்கள்!

“எங்கள் தாத்தா வாங்கிய 5 ஹெச்.பி. ஆயில் இன்ஜின் ஒன்று கொட்டகையில் கிடக்கிறது. கஜா புயலுக்குப் பிறகு கரன்ட் இல்லாத நாட்களில் இதை வைத்துத்தான் பில்டர் பாயின்ட்டில் தண்ணீர் எடுத்தோம். அதன் பிறகு யாரும் தொடவில்லை. இப்போது இரண்டு பேர் சேர்ந்து இழுத்தாலும் சக்கரம் அசைய மறுக்கிறது. பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா, சரிசெய்ய முடியுமா?”

பட்டுக்கோட்டைப் பகுதியிலிருந்து ஒரு வாசகர் இப்படிக் கேட்டிருக்கிறார். இதே கேள்வியைக் கிராமக் கூட்டங்களிலும் அடிக்கடி கேட்கிறேன். பம்ப்செட், பவர் டில்லர், விசைத் தெளிப்பான் என்று பொருள் மாறும்; “ஜாம் ஆயிடுச்சு சார், போட்டுரலாமா?” என்ற கேள்வி மட்டும் மாறாது. எல்லோருக்கும் பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

சுருக்கமான பதில் இதுதான்: சும்மா கிடந்து இறுகிய இன்ஜின்களில் பெரும்பாலானவற்றை மீட்க முடியும். அதற்குத் தேவை பலம் அல்ல, பொறுமை. பல இன்ஜின்கள் துருவால் சாவதில்லை. துருவை எடுக்கிறேன் என்று சம்மட்டியைத் தூக்கியவர்களால்தான் சாகின்றன.

எடைக்குப் போனால் திரும்பாது

2018 நவம்பர் 16-ம் தேதி அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. குடிக்கவும் மாட்டுக்குக் காட்டவும் தண்ணீர் இல்லாமல் தவித்த அந்த நாட்களில், ஓடும் நிலையில் ஆயில் இன்ஜின் வைத்திருந்த வீட்டு வாசலில் ஊரே குடத்தோடு நின்றது. ஆழ்துளைக் கிணற்றில் இறக்கிய நீர்மூழ்கி மோட்டாருக்கு இது உதவாது. ஆனால் பில்டர் பாயின்ட், திறந்த கிணறு, குளம், வாய்க்கால் எதிலிருந்தும் ஆயில் இன்ஜினால் தண்ணீர் இறைக்க முடியும்.

நம் ஊர்களில் கிடக்கும் பழைய இன்ஜின்களில் பெரும்பகுதி லிஸ்டர் வகையைச் சேர்ந்தவை. இங்கிலாந்தில் உருவான அந்த வடிவத்தைப் பின்பற்றி குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் ஏராளமாகச் செய்து அனுப்பின. இரண்டு பக்கமும் பெரிய சக்கரம், ஒரே சிலிண்டர், நிமிடத்துக்கு 600 அல்லது 650 சுற்று, 300 கிலோவுக்கு மேல் எடை. வேகம் குறைவு என்பதால் தேய்மானமும் குறைவு. உதிரிப் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. இப்படி ஒரு பொருளை இரும்பு விலைக்குக் கொடுத்தால், அதே வேலைக்குப் புதிதாக ஒன்று வாங்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் இந்தக் கேள்விக்கு விடை தேடுங்கள்: இந்த இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தபோது பிடித்து நின்றதா, நல்லபடியாக நிறுத்திய பிறகு கிடந்து கிடந்து இறுகியதா? வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் தெரியும். இரண்டும் வேறு வேறு நோய், வைத்தியமும் வேறு.

ஓடும்போது நின்றது என்றால், தண்ணீர் வற்றிச் சூடேறியிருக்கும் அல்லது ஆயில் இல்லாமல் ஓடியிருக்கும். பிஸ்டனும் சிலிண்டரும் உராய்ந்து ஒன்றோடொன்று பற்றியிருக்கும், அல்லது பேரிங் உருகியிருக்கும். மெக்கானிக்குகள் இதைத்தான் ‘சீஸ் ஆகிவிட்டது’ என்பார்கள். எண்ணெய் ஊற்றி அசைத்துவிட்டாலும் உள்ளே கீறல் இருக்கும். இப்படிப்பட்ட இன்ஜினைப் பிரித்துப் பார்க்காமல் ஓட்டவே கூடாது.

கிடந்து இறுகியது என்றால், காரணம் பெரும்பாலும் துருதான். புகைக் குழாய் வானத்தைப் பார்த்து நிற்கும். அதன் வழியே மழைத் தண்ணீர் இறங்கும். எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையில் இன்ஜின் நின்றிருந்தால் அந்தத் தண்ணீர் நேராகப் பிஸ்டன் தலையில் விழும். தண்ணீர் போகாவிட்டாலும் ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றே போதும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள இடைவெளி தலைமுடி அளவுதான். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். எனவே மெல்லிய துருவே ரிங்குகளை இறுக்கிப் பிடித்துவிடும். நல்ல செய்தி என்னவென்றால், இந்தப் பிடி மெல்லியது. எண்ணெய் உள்ளே நுழைந்தால் விட்டுவிடும்.

வாசகரின் இன்ஜின் இரண்டாவது வகை என்று தெரிகிறது. ஆகவே நம்பிக்கையோடு தொடங்கலாம்.

இறுகியது இன்ஜின்தானா?

ஒரு விவசாயியின் தோப்பில் பம்ப்செட் ஜாம் ஆகிவிட்டது என்று ஹெட்டைக் கழற்றத் தயாராக நின்றார்கள். “அண்ணே, முதல்ல பம்பைப் பிரிச்சு விடுங்க” என்றேன். பம்பைத் தனியாக்கியதும் இன்ஜின் ஒரு விரலுக்குச் சுற்றியது. பம்பின் உள்ளே இருந்த இம்பெல்லர்தான் சேறு காய்ந்து இறுகியிருந்தது. எனவே இந்த வரிசையில் பாருங்கள்:

1. பெல்ட் அல்லது கப்ளிங்கைக் கழற்றி, பம்பையும் இன்ஜினையும் தனித்தனியாகச் சுற்றிப் பாருங்கள்.

2. இன்ஜின் மட்டும் சுற்றவில்லை என்றால், டீசல் இன்ஜினில் இன்ஜெக்டரையும் பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். சிலிண்டரில் தண்ணீரோ டீசலோ நிறைந்திருந்தாலும் சக்கரம் நின்றுவிடும். அதை வெளியேற்றினாலே சில நேரம் சுற்றத் தொடங்கும்.

3. கீழே உள்ள டிரெயின் போல்ட்டைத் திறந்து பழைய ஆயிலை ஒரு வெள்ளை வாளியில் பிடியுங்கள். பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மினுமினுக்கும் துகள்கள் இருந்தால் பேரிங் போயிருக்கலாம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

4. வால்வு மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஏதாவது ஒரு வால்வு திறந்த நிலையிலேயே ஒட்டியிருக்கிறதா? இருந்தால் அதைச் சரிசெய்யாமல் சக்கரத்தைச் சுற்றாதீர்கள். மேலே வரும் பிஸ்டன் வால்வில் இடிக்கும், அல்லது புஷ் ராடு வளையும்.

கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவையுங்கள். போல்ட், வாஷர்களைத் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதுங்கள். பிறகு மாட்டும்போது இந்த ஐந்து நிமிட வேலை அரை நாளை மிச்சப்படுத்தும்.

ஊறவைப்பதுதான் பாதி வேலை

கடையில் கிடைக்கும் துரு நீக்கும் ஸ்பிரே நல்லதுதான். ஆனால் பெரிய சிலிண்டருக்கு டப்பா டப்பாவாகத் தேவைப்படும். அதற்குப் பதில் டீசலும் புது இன்ஜின் ஆயிலும் சம அளவு கலந்து பயன்படுத்தலாம். டீசல் நுழைந்து செல்லும். ஆயில் தங்கி நின்று வழுக்கும்.

இன்னும் வேகமாக நுழைய வேண்டுமானால், பவர் ஸ்டீயரிங்கில் ஊற்றும் சிவப்பு நிற ஏ.டி.எஃப். ஆயிலும் அசிட்டோனும் சம அளவு கலப்பார்கள். இவை இரண்டும் தானாகக் கலந்து நிற்காது. ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். அசிட்டோன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். பக்கத்தில் பீடி, அடுப்பு, வெல்டிங் எதுவும் இருக்கக் கூடாது. மூடிய அறையில் இதைச் செய்யவே வேண்டாம்.

செங்குத்தாக நிற்கும் லிஸ்டர் வகை இன்ஜினில், இன்ஜெக்டர் துவாரத்தின் வழியே 100 முதல் 200 மில்லி வரை ஊற்றுங்கள். அது பிஸ்டன் தலையில் நின்று ஓரத்தில் மெல்லக் கசியும். துவாரத்தைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். மறுநாள் ஒரு மெல்லிய கம்பியை விட்டு அளவு பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் ரிங்குகளின் ஓரமாக எண்ணெய் போக வழி கிடைத்திருக்கலாம். குறைந்த அளவு மறுபடி ஊற்றுங்கள். ஊற்றியது ஒரே மணி நேரத்தில் காணாமல் போனால், திறந்த வால்வு வழியே சைலன்சருக்குப் போயிருக்கும். சைலன்சரைக் கழற்றிப் பார்த்தால் தெரியும்.

பவர் டில்லரில் உள்ளதுபோல் சிலிண்டர் படுத்த நிலையில் இருந்தால், ஊற்றியது கீழ்ப்பக்கம் மட்டுமே தேங்கும். மேல்பக்கத் துரு காய்ந்தே இருக்கும். முடிந்தால் சிலிண்டர் செங்குத்தாக வரும்படி வண்டியை நிமிர்த்திப் பாதுகாப்பாக முட்டுக் கொடுங்கள். அதற்கு முன் டேங்க் டீசலையும் ஆயிலையும் வடித்துவிட வேண்டும். நிமிர்த்த முடியாவிட்டால் ஹெட்டைக் கழற்றி, எண்ணெயில் நனைத்த துணியைச் சிலிண்டர் முழுவதும் படும்படி அடைத்துவையுங்கள்.

வால்வுத் தண்டுகளிலும் அதே கலவையைச் சொட்டுச் சொட்டாக விட்டுவாருங்கள்.

எத்தனை நாள்? குறைந்தது மூன்று நாள். நான் சொல்வது பதினைந்து நாள். தினமும் காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகும்போது ஒரு முறை பார்த்து, குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு வாருங்கள். பல ஆண்டுகளாகச் சேர்ந்த துருவைப் பத்து நிமிடத்தில் விரட்ட முடியாது.

அசைப்பது எப்படி?

மூன்றாம் நாளிலிருந்து சக்கரத்தை அசைத்துப் பார்க்கலாம். முதலில் சக்கரத்திலும் இன்ஜின் உடலிலும் நேருக்கு நேராகச் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஆரம்பத்தில் அசைவு கண்ணுக்குத் தெரியாது; கோடு விலகினால்தான் தெரியும். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

இரண்டு பேர், இரண்டு சக்கரத்தின் விளிம்பையும் பிடித்து ஒரே நேரத்தில் முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டே நிற்பதைவிட, ஆட்டி ஆட்டி விடுவதுதான் பலன் தரும். அசைவு கிடைத்ததும் ஆர்வத்தில் முழுச் சுற்று சுற்றிவிடாதீர்கள். கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே, மறுபடி எண்ணெய் என்று ஒவ்வொரு அங்குலமாக வழி ஏற்படுத்துங்கள். துருத் தூள் எண்ணெயோடு கரைந்து வெளியேற நேரம் வேண்டும்.

சில வேலைகளைச் செய்யவே கூடாது:

• சக்கரத்தின் ஆரங்களுக்கு நடுவே கடப்பாரையை விட்டு நெம்பாதீர்கள். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். உடைந்த சக்கரம் ஓடும்போது சிதறினால் உயிருக்கே ஆபத்து.

• ஸ்டார்ட் செய்யும் ஹேண்டிலில் நீளமான குழாயைச் சொருகி அழுத்தாதீர்கள்.

• டிராக்டரில் பெல்ட் போட்டோ, கயிறு கட்டியோ இழுக்காதீர்கள். கனெக்டிங் ராடு வளைந்தால் சின்ன வேலை பெரிய செலவாகிவிடும்.

• சிறிய பெட்ரோல் இன்ஜினில் கயிறு ஸ்டார்ட்டரை வெட்டி இழுக்காதீர்கள். ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு, சக்கரத்தின் நட்டில் பாக்ஸ் ஸ்பேனர் போட்டு, நட் இறுகும் திசையிலேயே மெல்லத் திருப்புங்கள். எதிர்த் திசையில் திருப்பினால் நட்தான் கழன்று வரும்.

அசையவில்லையா? தண்ணீரால் குளிரும் இன்ஜினில் இன்னொரு எளிய வழி உண்டு. சிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணீர் அறையில் முதலில் வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு அதைவிடச் சூடானது என்று படிப்படியாக ஊற்றுங்கள். சிலிண்டர் முதலில் சூடாகிச் சற்று விரியும். உள்ளே இருக்கும் பிஸ்டன் சூடாகக் கொஞ்சம் நேரமாகும். அந்த இடைவெளியில் ஆட்டினால் பிடி விடக்கூடும். குளிர்ந்த இரும்பில் ஒரேயடியாகக் கொதிநீரைக் கொட்டினால் விரிசல் விழும். டீசலும் அசிட்டோனும் உள்ளே இருக்கும்போது கேஸ் கட்டரையோ தீயையோ பக்கத்தில் கொண்டுவராதீர்கள்.

ஹெட்டைக் கழற்ற வேண்டி வந்தால்

பதினைந்து நாள் ஊறியும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றலாம். பழக்கமில்லாதவர்கள் இந்தக் கட்டத்தில் மெக்கானிக்கை அழைப்பதே நல்லது. இருந்தாலும் அவர் செய்வது சரியா என்று பார்க்கவாவது உங்களுக்கு முறை தெரிந்திருக்க வேண்டும்.

ஹெட் நட்டுகளை முந்தைய நாளே எண்ணெயில் ஊறவைத்து, குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஹெட் வரவில்லை என்று இடுக்கில் உளியையோ திருப்புளியையோ விட்டு அடித்தால் கேஸ்கெட் உட்காரும் முகம் கெட்டுவிடும். மரக்கட்டை வைத்துப் பக்கவாட்டில் தட்டினால் போதும்.

ஹெட் வந்ததும் பிஸ்டனுக்கு மேலே தெரியும் சிலிண்டர் சுவரைப் பாருங்கள். அங்கே துரு வளையம் இருக்கும். அதை மெல்லிய எமரி தாளும் எண்ணெயும் கொண்டு வழவழப்பாகத் தேய்த்துத் துடைத்த பிறகே பிஸ்டனை அசைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் துருவிலேயே ரிங் மறுபடி சிக்கிக்கொள்ளும்.

அடுத்து, பிஸ்டன் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். உச்சியிலோ அடியிலோ நின்றால் மேலிருந்து தட்டிப் பயனில்லை. அந்த நிலையில் அடி நேராகக் கிராங்க் பேரிங்கில்தான் விழும். சக்கரம் சுற்றாது, பேரிங் கெடும். நடுவில் நின்றால் மட்டுமே தட்டலாம். சிலிண்டரைவிடச் சற்றே சிறிய, வட்டமான கருவேலங்கட்டை ஒன்றைப் பிஸ்டன் மேல் முழுவதும் உட்காரும்படி வைத்து, மிதமாகப் பல முறை தட்டுங்கள். ஒருவர் தட்டும்போது இன்னொருவர் சக்கரத்தை ஆட்ட வேண்டும். இரும்பு உருளையை வைத்தோ, ஓரத்தில் மட்டுமோ அடித்தால் பிஸ்டன் உடையும்.

லிஸ்டர் வகையில் பக்கவாட்டில் ஒரு கதவு இருக்கும். அதைத் திறந்து கனெக்டிங் ராடின் அடிப் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டால், கோளாறு எங்கே என்பது தெளிவாகும். சக்கரம் இப்போது தாராளமாகச் சுற்றினால் பிடிப்பு பிஸ்டனில்தான். அப்போதும் சுற்றாவிட்டால் கிராங்க் பேரிங்கில். சிலிண்டரைத் தனியாகத் தூக்கக்கூடிய இந்த வகையில், பிஸ்டனோடு சேர்த்து வெளியே எடுத்து ஒரு தொட்டி டீசலில் மூழ்க வைக்கலாம். எடை அதிகம், சங்கிலி பிளாக் வைத்துத்தான் தூக்க வேண்டும்.

அசைந்துவிட்டது. உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள்!

சக்கரம் சுற்றியதும் வரும் சந்தோஷத்தில் செய்யும் அவசரம்தான் ஊறவைத்த உழைப்பையெல்லாம் வீணாக்கும். அடிப்பகுதியில் இருக்கும் ஆயிலில் இப்போது டீசலும் துருவும் கலந்திருக்கும். அதை முழுவதும் வடித்து, உள்ளே துடைத்து, புது ஆயில் ஊற்றுங்கள். இன்ஜின் தட்டில் அல்லது கையேட்டில் உள்ள கிரேடையே வாங்குங்கள். பக்கக் கதவைத் திறந்து, எட்டும் பேரிங்குகளுக்கெல்லாம் ஆயில் கேனால் விடுங்கள். ராக்கர்களுக்கும் அப்படியே.

டேங்கில் உள்ள பழைய டீசலைக் கொட்டிவிட்டு டேங்கைக் கழுவி, பில்டரை மாற்றுங்கள். இன்ஜெக்டரைப் பட்டறையில் கொடுத்துச் சோதிப்பது நல்லது. வீட்டிலேயே சோதிப்பவர்கள், அது பீய்ச்சும் பக்கத்தில் கையை வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். உள்ளே கை அழுகும். அப்படி ஆனால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிறகு இன்ஜெக்டரை மாட்டி, வால்வுகள் மூடிய நிலையில் கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். உச்சிக்கு வரும்போது எதிர்த்துத் தள்ளிப் பின்வாங்கினால் கம்ப்ரஷன் இருக்கிறது என்று அர்த்தம். எதிர்ப்பே இல்லையென்றால் ரிங் ஒட்டியிருக்கும் அல்லது வால்வு சரியாக உட்காரவில்லை. பிரித்துத்தான் ஆக வேண்டும்.

முதல் ஸ்டார்ட்: நான்கு எச்சரிக்கைகள்

ஒன்று, திறந்த வெளியில் ஓட்டுங்கள். மூடிய கொட்டகையில் வேண்டாம். கிணற்றுக்குள் இன்ஜினை இறக்கி ஓட்டுவது கண்டிப்பாகக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. இறங்கியவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழுவார். பம்பைக் கீழே வைத்தாலும் புகை விடும் இன்ஜின் மேலேதான் இருக்க வேண்டும்.

இரண்டு, சிலிண்டரில் மிச்சமிருக்கும் எண்ணெயே எரிந்து, டீசலை நிறுத்தினாலும் நிற்காமல் இன்ஜின் வேகம் கூடிக்கொண்டே போகலாம். காற்று போகும் வாயை மூடினால்தான் நிற்கும். அந்த வாய்க்கு ஏற்ற தட்டையான மரப்பலகை ஒன்றைக் கையிலேயே வைத்திருங்கள். உள்ளங்கையால் மூடப் போகாதீர்கள்.

மூன்று, துண்டைக் கழற்றி வையுங்கள்; வேட்டியை மடித்துக் கட்டுங்கள். சேலைத் தலைப்பும் அவிழ்ந்த கூந்தலும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. பிள்ளைகளை எட்டி நிற்கச் சொல்லுங்கள்.

நான்கு, தண்ணீர் அறை நிறைந்திருக்கிறதா என்று பார்க்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

முதலில் பளு இல்லாமல் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். ஆறியதும் மறுபடி கையால் சுற்றிப் பாருங்கள். இலகுவாகச் சுற்றினால் சரி. முதல் பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஆயிலை மறுபடி மாற்றுங்கள். தொடக்கத்தில் வெள்ளைப் புகையோ நீலப் புகையோ வருவது இயல்பு. ஓட ஓடக் குறையாவிட்டால் ரிங் மாற்ற வேண்டியிருக்கும்.

எப்போது கைவிடலாம்?

எல்லா இன்ஜினையும் காப்பாற்றியே தீர வேண்டும் என்பதில்லை. சிலிண்டரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். லேசான கறை இருந்தால் கவலையில்லை. ஹோனிங் செய்து ரிங் செட் மாற்றினால் போதும். நகம் மாட்டும் அளவு பள்ளம் இருந்தால் லேத் பட்டறையில் போரிங் அல்லது புது லைனர் தேவைப்படும். உடலில் விரிசல், கிராங்க் ஷாஃப்ட் சேதம், உதிரிப் பாகம் கிடைக்காத கம்பெனி என்றால் யோசியுங்கள்.

வேலை தொடங்கும் முன் உதிரிப் பாகம், லேத் வேலை, கூலி மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அதே திறனுள்ள, ஓடும் நிலையிலுள்ள பழைய இன்ஜின் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்றும் விசாரியுங்கள். செலவு அதில் பாதியைத் தாண்டினால் எனக்குச் சம்மதமில்லை. புதிதாகத்தான் வாங்க வேண்டுமென்றால், எந்தக் கருவிக்கு இப்போது மானியம் இருக்கிறது என்று வேளாண் பொறியியல் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

எடைக்குத்தான் போட வேண்டும் என்று முடிவானாலும் இன்ஜெக்டர், டீசல் பம்ப், ஹெட், சக்கரங்களைத் தனியாகக் கழற்றி விற்றுப் பாருங்கள். அதே வகை இன்ஜின் வைத்திருப்பவர் இரும்பு விலையைவிட நல்ல விலை தருவார்.

மறுபடி இறுகாமல் இருக்க…

• புகைக் குழாய் வாயில் ஒரு காலி பால் பவுடர் டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் எடுக்க மறக்காதீர்கள்.

• நீண்ட நாள் நிறுத்தும்போது டீசலையும் தண்ணீரையும் வடித்துவிடுங்கள். இன்ஜெக்டர் துவாரத்தில் இரண்டு தேக்கரண்டி புது இன்ஜின் ஆயில் விட்டு நான்கு சுற்று சுற்றுங்கள்.

• இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில், அதாவது கையால் சுற்றும்போது எதிர்ப்புத் தெரியும் இடத்தில், சக்கரத்தை நிறுத்துங்கள். ஈரக்காற்று உள்ளே போகாது.

• அமாவாசைக்கு அமாவாசை இரண்டு சுற்று சுற்றிவிட்டு, அதே இடத்தில் நிறுத்துங்கள். நாள்காட்டியில் தனியாகக் குறிக்க வேண்டியதில்லை, ஞாபகமும் இருக்கும்.

• புரட்டாசி முடிவதற்குள் ஒரு முறை அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். புயல் வந்த பிறகு ஸ்பேனரைத் தேடுவதில் பயனில்லை.

வாசகர்களின் மற்ற கேள்விகள்

தேங்காய் எண்ணெய் அல்லது விளக்கெண்ணெய் ஊற்றி ஊறவைக்கலாமா?

வேண்டாம். தாவர எண்ணெய்கள் நாளாக நாளாகப் பிசினாகும்; துருவோடு இதுவும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலும் வேண்டாம். அதில் கரியும் துகளும் இருக்கும்.

மருந்து அடிக்கும் பவர் ஸ்பிரேயர், அடித்துக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. கயிறு வரவில்லை. ஊறவைத்தால் சரியாகுமா?

உங்களுடையது டூ-ஸ்ட்ரோக் இன்ஜினாக இருந்தால், பெட்ரோலில் 2டி ஆயில் கலக்காமலோ குறைவாகக் கலந்தோ ஓட்டியிருக்க வாய்ப்பு அதிகம். சைலன்சரைக் கழற்றி அந்தத் துவாரத்தின் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டன் பக்கவாட்டில் தெரியும். வழவழப்பாக இருந்தால் ஊறவைத்து முயலலாம். நீளமான கீறல்கள் இருந்தால் பிஸ்டன், ரிங் மாற்ற வேண்டும். சிலிண்டரையும் பார்க்க வேண்டும். இனி, கருவியோடு வந்த கையேட்டில் உள்ள அளவில் கலந்துகொள்ளுங்கள். 25:1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி. 50:1 என்றால் 20 மில்லி. கண் அளவில் ஊற்றாதீர்கள், அளவு மூடியில் ஊற்றுங்கள்.

5 ஹெச்.பி. ஆயில் இன்ஜின் மணிக்கு எவ்வளவு டீசல் குடிக்கும்?

நல்ல நிலையில், முழுப் பளுவில், சுமார் ஒரு லிட்டர். அதைவிட மிக அதிகமாகக் குடித்து கரும்புகையும் விட்டால் இன்ஜெக்டரையும் காற்று வடிகட்டியையும் முதலில் பாருங்கள். பம்பு இன்ஜினுக்குப் பொருந்தாத அளவில் இருந்தாலும் இப்படி ஆகும்.

பட்டுக்கோட்டை வாசகருக்கு என் பதில்: கடைக்காரரிடம் பதினைந்து நாள் கழித்து வரச் சொல்லுங்கள். இன்று மாலையே இன்ஜெக்டரைக் கழற்றி எண்ணெய் ஊற்றுங்கள். இன்ஜின் என்ன சொன்னது என்று பத்திரிகைக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.